வடகம் காயப்போட்ட துணி

அன்புள்ள அப்புவுக்கு,

நேற்றுத்தான் போனில் அரை மணி நேரம் பேசினோம். அதனால் சுகம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்காரர் பாத்திரப் பட்டியலை இன்னும் தரவில்லை. மொட்டை மாடிக் குழாய் மறுபடியும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்வதற்காகத்தான் அங்கன்வாடியில் மிச்சமாகிப்போன இந்த நோட்டில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம். ஆனால் நடுவில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நிறுத்திவிடுவேன். மூன்று வருஷமாக அப்படித்தான் நிறுத்தி நிறுத்தி வந்திருக்கிறேன்.

நேற்று நீ கேட்டாயே, சென்னையில் உன் படங்களை வைக்கப்போகிறார்கள், அதற்குப் போடுகிற புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, அதில் 'சமவெளி' படத்துக்குக் கீழே உன் பெயரோடு என் பெயரையும் சேர்க்கட்டுமா என்று. "பாதி உன் கைதானேம்மா, ரெண்டு பேரு பேரையும் போட்டுருவோமா?" என்றாய். நான் "ஏலே, மானத்தை வாங்காத, கல்யாண வேலை மலை மாதிரி கெடக்கு" என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். நீ சிரித்தாய். "யோசிச்சுச் சொல்லும்மா" என்றாய். அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. தெளிவாகத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். என் பெயரைப் போடுவதற்கு முன்னால் அன்றைக்கு நான் செய்தது என்னவென்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு உனக்கு என் பெயர் வேண்டாமென்று தோன்றலாம். அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போகலாம். அதுதான் எனக்குப் பயம். உன்னைச் சம்பாதிக்கவிடாமல் செய்துவிடுவேனோ என்பதெல்லாம் இல்லை. நீ இருபத்தொன்பது வயதில், மாலை மாற்றப்போகிற நேரத்தில், உன் அம்மாவைப் பற்றி வைத்திருக்கிற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமே என்பதுதான்.

சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் சின்ன வயதிலிருந்து வருகிறேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு நான் வரையச் சொல்லிக்கொடுத்த இயற்கைக் காட்சி உனக்கு நினைவிருக்கும். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், சூரியனுக்கு ஒன்பது கதிர், மலையிடுக்கிலிருந்து ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் வளைந்த தென்னை. எனக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். உனக்கு நாலு வயது. சிலேட்டைத் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் கையைக் காட்டி, "மலை இப்பிடி இல்லம்மா. மலை படுத்திருக்கு" என்றாய். நம் வாசலில் நின்று பார்த்தால் சிறுமலை அப்படித்தான் தெரியும், நீளமாக, ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்த மாதிரி. முக்கோணமெல்லாம் கிடையாது. ஆனால் எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை அப்பு. தினமும் பார்க்கிற மலையைப் பார்த்ததே இல்லை. "மலைன்னா முக்கோணம்தான்" என்று உன் கையைப் பிடித்து அழுத்தி வரைய வைத்தேன். சிலேட்டுக்குச்சி ஒடிந்துபோயிற்று. நீ அழுதாய். சோறு ஊட்டும்போது சரியாகிவிட்டாய், நானும் மறந்துவிட்டேன்.

இன்னொன்றை மறக்க முடியவில்லை. தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று உன் அப்பா காட்டிலேயே விட்டாரே, அந்த வருஷம். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பறித்து வைத்திருந்த கூடைகளையும் வரப்போரம் கொட்டிவிட்டு அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் வெடித்து, மண்ணோடு கலந்து, சிவப்பாக ஓடிக்கிடந்தது. நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய். பிறகு என்னிடம் வந்து, ரகசியம் சொல்கிற மாதிரி, "எம்புட்டு அழகா இருக்குல்லம்மா" என்றாய். ஓங்கி ஓர் அறை விட்டேன். உன் அப்பா திரும்பிப் பார்த்தார். ஏன் அடித்தாய் என்று நீ கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த அறை சரியா தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சொல்லை எந்தத் தாயால் கேட்டுக்கொண்டு இருக்க முடியும்? ஆனால் அந்தச் சிவப்பு அழகாகத்தான் இருந்தது. எனக்கும் தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு ஓங்கி அடித்தேனோ என்னவோ.

அதற்குப் பிறகு நீ வாயைத் திறந்து எதையும் அழகு என்று சொன்னதில்லை. பார்ப்பதோடு சரி. ஆனால் எதைப் பார்த்தாய் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை. கொடைக்கானல் போனால் எல்லோரும் மலையைப் பார்த்துப் படம் எடுத்தார்கள், நீ வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வண்டி ஒழுகவிட்ட எண்ணெய்த் தேக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய், வண்டியே போயிருக்கும். பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பூவைப் பார்க்காமல் பூ அள்ளின பிறகு தார்ப்பாயில் மிச்சம் ஒட்டியிருப்பதைப் பார்ப்பாய். அப்பாவின் பனியனில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு கோடாக இருப்பதைத் துவைக்க விடாமல் பிடுங்கிக்கொண்டு போய் வரைந்தாய். தோசைக்கல்லின் அடியை வரைந்தாய். நம் வீட்டுத் தென்புறச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய கறையை ஒரு நோட்டு முழுக்க வரைந்தாய். சொந்தக்காரர்கள் "தம்பி என்ன வரையுறான், சாமி படமா?" என்று கேட்பார்கள். சுவர்க்கறை என்று எப்படிச் சொல்வது? "எல்லாம் வரைவான்" என்று சொல்லி, காபி கொண்டுவர எழுந்து போய்விடுவேன்.

வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் உனக்கு வேலை கிடைத்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். ஒன்றரை வருஷத்தில் விட்டுவிட்டாய். அதை நீ என்னிடம் சொல்லவில்லை, உன்னோடு வேலை பார்த்த பையனின் அம்மா ரேஷன் கடை வரிசையில் வைத்துச் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், நீ நடுக்கூடத்தில் ஒரு சாக்கு நிறைய நம் காட்டுச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வைத்து, என் மாவு சல்லடையில் சலித்துக்கொண்டிருக்கிறாய். பசை காய்ச்சி, மண்ணைக் கரைத்து, ஆறடித் துணியைத் தரையில் விரித்துப் பூசிக்கொண்டிருந்தாய். "ஏலே, இம்புட்டு மண்ணையும் அள்ளியாந்து வீட்டுக்குள்ள அப்பிக்கிட்டு என்னத்தடா பண்ணப் போற?" என்று கத்தினேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாய், மழை வராது என்று சொல்வதைப் போல. அப்பா "விடு, செத்த நேரம் சும்மா இரு" என்று என்னைத்தான் அடக்கினார். மறுநாள் துணி காய்ந்ததும் மடித்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, கலர் வாங்க மதுரைக்குப் போகிறேன், இரண்டு நாளாகும் என்று கிளம்பிவிட்டாய்.

அதற்கப்புறம் நடந்ததாக நீ சொல்கிற கதை ஊருக்கே தெரியும். சித்திரை வெயிலில் அம்மா தக்காளி வடகம் போட மாடிக்குப் போனாள். கைக்கு அகப்பட்ட துணியை விரித்தாள். அது மகன் ஓவியத்துக்காகத் தயார் செய்து வைத்த துணி என்று அந்த வெகுளிக்குத் தெரியாது. கூழை வரிசையாக ஊற்றிவிட்டாள். வடகத்தை உரித்தபோது மண் வட்ட வட்டமாகக் கழன்று வந்து, அடியிலிருந்த வெள்ளை தெரிந்து, தக்காளிச் சிவப்பு ஓரம் கட்டி, ஒரு படம் தானாகவே பிறந்துவிட்டது. மகன் அதற்கு மேல் நாலு கோடுதான் போட்டான். போன மாசம் மதுரைக் கண்காட்சியில் மைக்கைப் பிடித்தவர் இதை எவ்வளவு ரசித்துச் சொன்னார்! எல்லோரும் சிரித்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "வெள்ளந்தி மனசும்மா உங்களுக்கு" என்றார். காக்கா கூழை மிதித்துவிட்டுப் போன இடத்தை ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பட்டுப்புடவையில் ஈ என்று இளித்துக்கொண்டு நின்றேன்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் டீ குடிக்கப் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை, தக்காளியும் வடகமும் அவளுக்குத் தெரியாததா? மெதுவாக, யாருக்கும் கேட்காமல், "ஏனுங்கத்தை, மண்ணு பூசுன துணியில ஆராச்சும் கூழு ஊத்துவாங்களா?" என்றாள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வாங்கத்தை, டீ ஆறிப்போகுது" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆமாம் அப்பு. யார் ஊற்றுவார்கள்? வடகம் போடுவதற்கென்று அப்பாவின் பழைய வேட்டி இரண்டை நான் தனியாக வைத்திருப்பது உனக்குத் தெரியும். முதல் நாளே சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காயவைப்பேன். மாடியைக் கழுவிவிட்டுத்தான் விரிப்பேன். பக்கத்தில் காக்காய்க்காகக் கறுப்புக் குடையை விரித்து வைப்பேன். பல்லுக்கிடையில் ஒரு மணல் நெறுநெறுத்தால் உன் அப்பா தட்டை விட்டு எழுந்துவிடுவார், அதற்குப் பயந்தே அவ்வளவும். இப்படிப்பட்டவள், கையில் எடுத்தாலே மண் உதிர்கிற துணியை, வேட்டி என்று நினைத்து விரித்தாளாம்! மூன்று வருஷத்தில் இருநூறு பேராவது இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. உனக்கே வரவில்லை. என் கையால் இருபத்தைந்து வருஷம் சாப்பிட்டவன் நீ. உன் அம்மா அவ்வளவு விவரங்கெட்டவளாக இருப்பாள் என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாய். மற்றதெல்லாம் போகட்டும், இது எனக்கு வலித்தது.

தெரிந்துதான் செய்தேன். அதைச் சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாக எழுதலாம். நீ மதுரைக்குப் போன மறுநாள் காலை. அப்பா சின்ன வெங்காயம் விற்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கிண்டிக்கொண்டே "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்பதை நூறு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். கொடியில் வேட்டி காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போய்தான் மாடிப்படிக்கு அடியிலிருந்து உன் துணியை எடுத்தேன். மாடியில் விரித்தேன். மண் வாசனை குப்பென்று வந்தது. குடையை வேண்டுமென்றே எடுத்துப் போகவில்லை. முதல் கரண்டிக் கூழை நட்டநடுவில் ஊற்றினேன். "இப்பப் புரியுதாடா, இப்பப் புரியுதா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஊற்றினேன். எதிர் வீட்டு மாடியில் யாராவது பார்த்திருந்தால் எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தத் துணி கெட்டுப்போக வேண்டும், நீ வந்து பார்த்து அழ வேண்டும், அழுதுவிட்டு மில் வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். ஒரு தாய் இப்படி நினைப்பாளா என்று கேட்காதே. நினைத்தேன்.

நீ வந்தது அடுத்த நாள் மதியம். நேராக மாடிக்குப் போனாய். நான் கீழே சமையற்கட்டில், வெஞ்சனத்துக்கு எடுத்த கத்தரிக்காயை நறுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, நீ கத்துவதற்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மேலே ஏறி வந்தேன். நீ வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வடகத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தெரியாம எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டாய். நீயே வழியைத் திறந்துவிட்டாய். நான் "ஆமா" என்றேன். ஒரே ஒரு சொல். அதற்கப்புறம் நான் துணியின் அடியில் தண்ணீர் தெளிக்க, நீ "மெதுவாம்மா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே உரித்தாய். இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் உரித்து முடித்தோம். வடகம் பூராவும் மண், மாடுகூடத் தின்னவில்லை. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டது, மூன்று வருஷமாகிவிட்டது.

இப்போது என் குழப்பத்தைச் சொல்கிறேன். மதுரைக் கண்காட்சி முடிந்து வந்த மறுவாரம் என்னைச் சிறுமலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? நாலைந்து வளைவு ஏறினதும் இறக்கிவிட்டு, "கீழ பாரும்மா" என்றாய். இத்தனை வருஷம் இந்த மலைக்குக் கீழே இருந்தும் மேலே நின்று நம் பக்கத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். செக்கச்செவேலென்று உழுத காடு, அங்கங்கே வட்ட வட்டமாகக் கிணறு, களம், வற்றிப்போன குளத்தில் வெளுத்த திட்டு, நடுவில் தென்னந்தோப்புப் புள்ளிகள், தூரத்தில் தனியாகத் திண்டுக்கல் பாறை. அப்படியே உன் படம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இதைப் பாத்துத்தான் போட்டியா?" என்று கேட்டேன். "இல்லம்மா, அது நிலக்காட்சி இல்ல, அரூபம். எதையும் பாத்துப் போட்டதில்ல" என்றாய். "அப்ப இது என்ன?" என்றேன். "இதுவாவும் இருக்கலாம்" என்றாய். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீ இதைப் பார்த்துப் போடவில்லை. நான் இதைப் பார்த்ததே இல்லை. ஆத்திரத்தில் நான் ஊற்றிய கூழ் எப்படி அப்பு நம் ஊராகும்? அந்தப் படத்துக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் அமைதியாக இருக்கிறது, மனசு அடங்குகிறது என்று சொன்னார்கள். அதை ஊற்றும்போது எனக்கு மனசு எப்படிக் கொதித்தது என்று எனக்குத்தானே தெரியும். அந்தக் கோபம் எங்கே போயிற்று? துணியில் இருந்தால் ஏன் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை?

உனக்கு இதற்கெல்லாம் விளக்கம் தெரிந்திருக்கும். நீ படித்தவன், உன் கூட்டாளிகளோடு மணிக்கணக்கில் பேசுகிறாய். தெரிந்தால் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. ஆவணியில் கோகிலா நம் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிறகு இருவரும் சென்னையில் தனியாக இருப்பீர்கள். நீ ஏதாவது பூசிக்கொண்டிருப்பாய், அவள் வந்து இது என்ன என்று கேட்பாள். எந்தக் காரணத்தைக் கொண்டும் அவளிடம் 'உனக்குப் புரியாது' என்று சொல்லிவிடாதே. உனக்கே புரியாத நேரத்தில் 'எனக்கும் புரியல' என்று சொல்லு, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அவள் என்னைப் போல் மூன்று வருஷம் பொத்தி வைத்துக்கொண்டிருக்க மாட்டாள், முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். அது உன் நல்ல நேரம். அவள் எதையாவது கெடுத்துவிட்டாலும் 'தெரியாமச் செஞ்சுட்டியா' என்று நீயே எடுத்துக்கொடுக்காதே. 'ஏன் செஞ்ச' என்று கேளு. அன்றைக்கு நீ என்னை அப்படிக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.

இத்தோடு முடித்திருப்பேன். என் பெயர் வேண்டாம், கெடுக்க நினைத்தவள் பெயரை எதற்குப் போடுகிறாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் குழப்பம் என்று எழுதினாலும் மனசுக்குள் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது இன்னொன்று ஞாபகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. படத்தில் வலது கை ஓரம், கீழ் மூலையில், ஒரு முழத்துக்கு ஒன்றுமே இல்லாமல் வெறும் மண்ணாகக் கிடக்கிறதல்லவா? மதுரையில் ஒருவர் அந்த இடத்தைத்தான் விடாமல் பேசினார். அந்த வெறுமைதான் படத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்றார். நீ "கூழு தீந்துபோச்சு சார், அம்புட்டுத்தான்" என்றாய். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

கூழ் தீரவில்லை அப்பு. குண்டானில் இன்னும் ஏழெட்டுக் கரண்டிக்கு இருந்தது. மேல் ஓரத்திலிருந்து வரிசையாக வந்தவள், பாதிக்கு மேல் வாயால் திட்டுவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. இரண்டு தடவை எழுந்து தள்ளி நின்று பார்த்தேன், எதற்குப் பார்த்தேன் என்றும் தெரியவில்லை. அந்த மூலைக்கு வந்தபோது கரண்டி நிறைய மொண்டு கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. கூழ் கரண்டியின் ஓரத்தில் வழிந்து கால்விரலில் சொட்டிச் சுட்டது. அப்போதும் ஊற்றவில்லை. இங்கே ஊற்றினால் கெட்டுப்போய்விடும் என்று மனசில் பட்டது. கெடுப்பதற்கென்றே மாடியேறி வந்தவளுக்கு, எது கெட்டுப்போகும் என்று பட்டது? மிச்சக் கூழைக் கொண்டுபோய் மாட்டுத்தொட்டியில் கொட்டிவிட்டேன். இன்று வரை உன் அப்பாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. இது எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

புத்தகத்தில் அம்மா தெரியாமல் செய்தாள் என்று வருகிற வரியை அடித்துவிடு. கோபத்தில் ஊற்றினாள் என்று எழுது. அந்த ஒரு மூலையை விட்டது மட்டும் கோபத்தால் இல்லை என்றும் எழுது. எழுத உனக்குச் சம்மதமென்றால், என் பெயரைப் போடு.

அம்மா